33 கேள்விகளுக்குப் பயப்பட வேண்டாம், பி1-க்கு நேரம் ஒதுக்குங்கள்: ஜெர்மன் குடியுரிமை பற்றி

ஸ்டுட்கார்ட் பக்கத்தில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மதுரையிலிருந்து வந்து ஆறு வருடம் ஆகிறது. கணவர், தகுதிபெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான 'புளூ கார்டு' அனுமதியில் ஐடி வேலைக்கு வந்தவர். இரண்டு பிள்ளைகள். ஜெர்மன் மொழியில் ஏ2 வரை முடித்திருக்கிறார் (ஏ1 தொடங்கி சி2 வரையுள்ள ஆறு மொழி நிலைகளில் இரண்டாவது). "குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார் கணவர். எனக்கு அந்தத் தேர்வை நினைத்தாலே பயமாக இருக்கிறது. அது எவ்வளவு கடினம்? அப்புறம், எங்கள் கட்டடத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருக்கிறார். 1991-ல் வந்தவர், இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்டோடுதான் இருக்கிறார். அவருக்கு வழி உண்டா? இப்படித் தேர்வு வைத்துக் குடியுரிமை கொடுப்பது நியாயம்தானா?"

நான் இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. சனிக்கிழமைகளில் எங்கள் ஊரில் ஜெர்மன் பேசிப் பழகும் ஒரு குழுவுக்கு உதவி செய்கிறேன். அங்கே இதே மூன்று கேள்விகளைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், நீங்கள் தவறான தேர்வுக்குப் பயப்படுகிறீர்கள். குடியுரிமைக்கு இரண்டு தனித்தனிச் சான்றுகள் வேண்டும். ஒன்று குடியுரிமைத் தேர்வு. ஜெர்மனியின் சட்டம், வரலாறு, சமூக வாழ்க்கை பற்றிய கேள்விகள் அதில் வரும். மற்றொன்று, ஏ2-க்கு அடுத்ததான பி1 நிலைக்கான மொழிச் சான்று. நம்மவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் தேர்வை எழுதுபவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தேறிவிடுகிறார்கள். இரண்டாவது அப்படியில்லை. குடியேறியவர்களுக்கு அரசு உதவியோடு நடக்கும் ஒருங்கிணைப்பு வகுப்பின் முடிவில் வரும் மொழித் தேர்வில் பி1 எட்டுபவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர்தான். உங்கள் கவலையை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

குடியுரிமைத் தேர்வில் 33 கேள்விகள், 60 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள், சரியானதைக் குறிக்க வேண்டும். 17 சரியாக இருந்தால் போதும், அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேல். கேள்விகள் எங்கிருந்து வரும் என்பதில் ரகசியமே இல்லை. நாடு முழுவதற்கும் பொதுவாக 300, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக 10. இந்த 310-ஐயும் குடிபெயர்வு மற்றும் அகதிகளுக்கான மத்திய அலுவலகம் விடைகளோடு இணையத்தில் போட்டிருக்கிறது. தேர்வுத்தாளில் 30 பொதுக் கேள்விகள், 3 மாநிலக் கேள்விகள் இருக்கும். கட்டணம் 25 யூரோ. பெரும்பாலும் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூல என்கிற மக்கள் கல்விக்கூடத்தில்தான் நடக்கும். தேறாவிட்டால் திரும்பப் பணம் கட்டி எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். சான்றிதழுக்குக் காலாவதியும் கிடையாது. ஒருங்கிணைப்பு வகுப்புக்குப் போனவர்கள் அதன் முடிவில் எழுதும் 'ஜெர்மனியில் வாழ்க்கை' என்ற தேர்வும் இதே கேள்விகள்தான். அதில் 17 எடுத்திருந்தால் தனியாக இதை எழுத வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்கு 16 வயது ஆகவில்லை என்றால் அவர்களுக்கு இந்தத் தேர்வே இல்லை.

கேள்விகள் எப்படி இருக்கும்? ஜெர்மனியில் அரசை எதிர்த்து வெளிப்படையாகப் பேசலாம், ஏன்? கருத்துச் சுதந்திரம் இருப்பதால். பிரதமரைத் தேர்ந்தெடுப்பது யார்? நாடாளுமன்றம். பெர்லின் சுவர் எப்போது கட்டப்பட்டது? 1961. ஈஸ்டர் பண்டிகை வழக்கம் என்ன? முட்டைக்கு வண்ணம் தீட்டுவது. உங்கள் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துக்கு என்றால் கொடியின் நிறம், மாநிலச் சின்னம், தலைநகர் என்று கேட்பார்கள். "இந்த மாநிலத்தில் எந்த அமைச்சர் கிடையாது?" என்றும் ஒரு கேள்வி உண்டு. விடை, வெளியுறவு அமைச்சர். இதை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. தமிழ்நாட்டு அமைச்சரவையில் வெளியுறவுத் துறை ஏன் இல்லையோ அதே காரணம்தான் இங்கேயும். வெளிநாடுகளோடு பேசுவது மத்திய அரசின் வேலை. கூட்டாட்சி என்றால் என்ன என்று அறிந்த ஒருவருக்கு இந்தத் தாளில் பத்துக் கேள்வியாவது படிக்காமலே வரும்.

வரலாற்றுப் பகுதியை மட்டும் வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். 1970-ல் பிரதமர் வில்லி பிராண்ட் வார்சாவில், யூதர்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்த இடத்தின் நினைவுச்சின்னத்துக்கு முன் மண்டியிட்டார். அதற்கு என்ன பொருள் என்று ஒரு கேள்வி வரும். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல முயன்ற ராணுவ அதிகாரி ஸ்டவுஃபன்பெர்க் பற்றியும் வரும். யூத எதிர்ப்பு, ஜெர்மனியில் யூதர்களின் வாழ்க்கை, இஸ்ரேல் பற்றிய கேள்விகள் 2024-ல் புதிதாகச் சேர்க்கப்பட்டன. எனவே பழைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். என் அனுபவத்தில், விடை வரிசையைப் பார்த்து 'முதல் கேள்விக்கு இரண்டாவது, அடுத்ததற்கு நான்காவது' என்று மனனம் செய்தவர்கள்தான் தேர்வு அறையில் தடுமாறுகிறார்கள். தினம் பத்துக் கேள்வி எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாத சொல்லுக்குப் பொருள் பாருங்கள், பள்ளிக்குப் போகும் உங்கள் பிள்ளையிடம் ஏன் என்று கேளுங்கள். ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அதோடு சேர்ந்து மொழியும் வளரும்.

இந்தத் தேர்வு இப்படித் திறந்த புத்தகமாக வந்ததற்கு ஒரு கதை உண்டு, அதில் உங்கள் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. 2006 ஜனவரியில் பாடன்-வூர்ட்டம்பெர்க் உள்துறை ஒரு 'உரையாடல் வழிகாட்டி'யைக் கொண்டுவந்தது. முஸ்லிம் நாடுகளிலிருந்து வந்து குடியுரிமை கேட்பவர்களை நேரில் உட்காரவைத்துக் கேட்பதற்கான கேள்விகள் அவை. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டுமா, உங்கள் மகன் ஓர் ஆணோடு வாழப்போவதாகச் சொன்னால் என்ன செய்வீர்கள், இந்த மாதிரி. ஒருவர் மனதுக்குள் நுழைந்து பார்க்கிற, அதுவும் ஒரு மதத்தாரை மட்டும் சந்தேகிக்கிற கேள்விகள். நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் 2011-ல் ஆட்சி மாறிய பிறகுதான் அது கைவிடப்பட்டது. அதே 2006-ல் ஹெஸ்ஸன் மாநிலம் வேறு வழியில் போனது. 100 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை முன்வைத்தது. மூன்று நடுத்தர மலைத்தொடர்களின் பெயர் சொல்லுங்கள், ரூகன் தீவின் சுண்ணாம்புப் பாறைகளை வரைந்த ஓவியர் யார், என்றெல்லாம் அதில் இருந்தது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களே எத்தனை பேர் சொல்வார்கள் என்று பத்திரிகைகள் கேட்டன. இந்தச் சச்சரவுக்குப் பிறகுதான் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒரு நிறுவனம் கேள்விகளைத் தயாரிக்க, 2008 செப்டம்பர் 1 முதல் நாடு முழுமைக்கும் ஒரே தேர்வு வந்தது. கேள்விகளை முன்கூட்டியே வெளியிடுவதும், எல்லா நாட்டவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பதும் சின்ன விஷயம் அல்ல. அதனால்தான் இந்தத் தேர்வு மீது எனக்கு மரியாதை உண்டு.

சரி, இப்போது மொழிக்கு வருவோம்.

குடியுரிமைக்கு பி1 என்பது 2007-ல் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டது. பி1 என்றால் என்ன? மருத்துவரிடம் உங்கள் வலியை நீங்களே விளக்க முடிய வேண்டும். வீட்டுக்காரருக்கு 'ஹீட்டர் வேலை செய்யவில்லை, எப்போது ஆள் அனுப்புவீர்கள்' என்று கடிதம் எழுத வேண்டும். பள்ளி ஆசிரியர் பிள்ளையைப் பற்றிச் சொல்வது புரிய வேண்டும், உங்கள் கருத்தைக் காரணத்தோடு திருப்பிச் சொல்ல வேண்டும். இலக்கணப் பிழை இருக்கலாம், ஒவ்வொரு பிழைக்கும் மதிப்பெண் குறைப்பார்கள் என்று இல்லை. சொல்ல வந்தது எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் முக்கியம்.

குடியேறியவர்களுக்கென்றே 2009 முதல் நடக்கும் மொழித் தேர்வு ஒன்று உண்டு. ஒரே தாள், எடுக்கும் மதிப்பெண்ணைப் பொறுத்து ஏ2 அல்லது பி1 என்று சான்று தருவார்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றும் சேர்ந்து 100 நிமிடம். பேச்சுத் தேர்வு சுமார் 16 நிமிடம், இரண்டு பேராக உட்கார்ந்து பேச வேண்டும். உங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது, ஒரு படத்தைப் பார்த்து உங்கள் அனுபவத்தைச் சொல்வது, இருவரும் சேர்ந்து ஒன்றைத் திட்டமிடுவது. பலர் கவனிக்காத விதி ஒன்று இதில் இருக்கிறது. மொத்தத்தில் பி1 கிடைக்க, பேச்சில் கட்டாயம் பி1 வேண்டும். கேட்டல்-வாசித்தல் ஒரு பகுதி, எழுத்து ஒரு பகுதி. இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் பி1 இருந்தால் போதும். நம் பெண்கள் செய்வது நேர் எதிர். பயிற்சிப் புத்தகத்தை வீட்டில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள், எழுத்து நன்றாக வந்துவிடுகிறது, வாயைத் திறக்கக் கூச்சம். அந்தக் கூச்சம்தான் பி1-ஐத் தள்ளிப்போடுகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது தமிழும் ஆங்கிலமும் தெரியாத ஒருவரோடு அரைமணி நேரம் பேசுங்கள். பிள்ளைகளின் பள்ளியில் பெற்றோர் காஃபி சந்திப்பு நடக்கும், நூலகத்தில் மொழிக் காஃபி நடக்கும், தேவாலயத்திலும் நடக்கும். பெரும்பாலும் இலவசம்தான்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஜெர்மன் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாம் ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிப்பதால்தான் கடினமாகத் தெரிகிறது. தமிழ் வழியாகப் போய்ப் பாருங்கள். 'எனக்கு இந்த வீடு பிடித்திருக்கிறது' என்று நாம் சொல்கிறோம். ஜெர்மன்காரரும் 'மிர் கெஃபெல்ட் டஸ் ஹவுஸ்' என்கிறார். 'மிர்' என்றால் 'எனக்கு'. 'எனக்குக் குளிர்கிறது' என்பது 'மிர் இஸ்ட் கால்ட்'. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பது 'மிர் டுட் டேர் கோப்ஃப் வே'. எல்லாம் நான்காம் வேற்றுமை! ஆங்கிலத்தில் யோசித்து 'நான் குளிர்' என்கிற மாதிரி 'இஷ் பின் கால்ட்' என்று சொல்லிவிடுகிறோம், கேட்பவர் விழிக்கிறார். 'குழந்தைக்குப் பந்தைக் கொடுக்கிறேன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'இஷ் கேபே டேம் கின்ட் டேன் பால்'. 'டேம்' என்பது நம் 'கு', 'டேன்' என்பது நம் 'ஐ'. முதலில் யாருக்கு, பிறகு எதை, அந்த வரிசைகூட ஒன்றுதான். எட்டாம் வகுப்பில் தமிழய்யா நடத்திய வேற்றுமை உருபுகளை நினைவுபடுத்திக்கொண்டால், மற்ற நாட்டவர் ஆறு மாதம் திணறும் பாடம் நமக்கு ஆறு நாளில் பிடிபடும்.

வினைச்சொல் கடைசியில் வருவதும் அப்படித்தான். 'வைல்' (ஏனென்றால்) என்று தொடங்கிக் காரணம் சொல்லும்போது வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ஸ்பெயின்காரருக்கும் அரபி பேசுபவருக்கும் அது பெரிய தலைவலி. நமக்கு வினை கடைசியில் வருவதுதானே இயல்பு. உண்மையில் நமக்குக் கஷ்டம் தருவது பெயர்ச்சொல்லின் பால்தான். உயிரில்லாதது எல்லாம் நமக்கு அஃறிணை. இங்கே மேசை ஆண், கதவு பெண், ஜன்னல் நடு. 'மேட்ஷன்' என்றால் சிறுமி, ஆனால் இலக்கணத்தில் நடுப்பால்! இதற்குக் குறுக்குவழி இல்லை. எந்தச் சொல்லையும் அதன் பாலைக் காட்டும் 'டேர், டீ, டஸ்' (ஆண், பெண், நடு) ஓடு சேர்த்தே படிக்க வேண்டும். மேசையை 'டிஷ்' என்று படிக்காதீர்கள், 'டேர் டிஷ்' என்று படியுங்கள். அவ்வளவுதான்.

ஆனால் இலக்கணத்தைவிடப் பெரிய விஷயம் நேரம். ஆறு வருடம் இருந்தும் ஏ2-வில் நிற்கிறேன் என்று நீங்கள் வெட்கப்பட்டு எழுதியிருந்தீர்கள். அதில் உங்கள் தவறு அதிகம் இல்லை. ஜெர்மனிக்கு வரும் மனைவியோ கணவனோ விசாவுக்கு முன்பே ஏ1 தேற வேண்டும் என்று 2007-லிருந்து சட்டம் இருக்கிறது. சென்னையிலோ கொழும்பிலோ ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோதே நிறுவனத்தில் எழுத வேண்டும். ஆனால் புளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அமெரிக்கர், ஜப்பானியர், கனடியர் போன்ற சில நாட்டவருக்கும் விலக்கு. உணவக சமையற்காரரின் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய் மாதக்கணக்கில் தங்கி ஏ1 படித்துத் தேற வேண்டும், தேறும்வரை கணவனைப் பிரிந்திருக்க வேண்டும். ஐடிக்காரரின் மனைவி ஒரு சொல்கூடத் தெரியாமல் விமானம் ஏறலாம். எனக்கு இந்த ஏற்பாடு ஒருநாளும் சரியென்று பட்டதில்லை. சமையற்காரர் வீட்டுக்கு அது அநீதி. உங்களைப் போன்றவர்களுக்கு வேறு விதத்தில் அது கெடுதல் செய்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, எனவே யாரும் நேரம் ஒதுக்கவில்லை. வந்த வருடம் கர்ப்பம், அடுத்தது மழலையர் பள்ளியில் இடம் கிடைக்காத இரண்டு வருடம், அடுத்த குழந்தை. வெளி வேலைகளைக் கணவர் ஆங்கிலத்தில் முடித்துவிடுகிறார். அப்படியே ஆறு வருடம் போய்விடும், சனிக்கிழமைக் குழுவில் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

2005-ல் தொடங்கிய ஒருங்கிணைப்பு வகுப்பில் மொழிக்கு 600 பாடவேளை, ஜெர்மனியைப் பற்றி 100 பாடவேளை. ஒரு பாடவேளை 45 நிமிடம். செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. வாரத்துக்கு 20, 25 பாடவேளை என்று போனால் ஏழெட்டு மாதம். அவ்வளவு நேரம் வேண்டும் என்று அரசே கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறது. எனவே உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. தம்பி, பாஸ்போர்ட் வேண்டும் என்றால் வகுப்பு முடியும்வரை காலையில் குழந்தையை விடுவதும், காய்ச்சல் வந்தால் லீவு போடுவதும் உங்கள் பொறுப்பு. அவர் ஏ2 முடித்திருப்பதால் இடம் கிடைத்தால் கடைசி 200, 300 பாடவேளைக்கு மட்டும் சேரலாம், சேரும் முன் ஒரு நிலைத் தேர்வு வைத்து எந்த இடம் என்று அவர்களே சொல்வார்கள். வீட்டில் 'நீ யூடியூப் பார்த்துப் படித்துக்கொள்' என்று சொல்வது உதவி ஆகாது.

மற்ற நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூன் 27 முதல் ஐந்து வருட வசிப்பு போதும், முன்பு எட்டு. நன்றாக ஒருங்கிணைந்தவர்களுக்கு மூன்றே வருடத்தில் என்று ஒரு சலுகை இருந்தது, 2025 அக்டோபரில் அதை நீக்கிவிட்டார்கள். குடும்பச் செலவை அரசு உதவியில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்குத் தனியாகச் சம்பளம் இல்லை என்பது பிரச்சினை அல்ல, கணவரின் வருமானம் குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்தால் சரி. கட்டணம் ஒருவருக்கு 255 யூரோ, கூடச் சேர்த்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு 51. ஜனநாயக அரசியலமைப்பை ஏற்கிறேன் என்றும், நாஜிக் கொடுமைகளுக்கு ஜெர்மனிக்குள்ள வரலாற்றுப் பொறுப்பை, குறிப்பாக யூத வாழ்வைப் பாதுகாக்கும் கடமையை ஏற்கிறேன் என்றும் கையெழுத்திட வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், அதிகாரி அதைப் பற்றிக் கேட்கலாம். அலுவலகம் முடிவு சொல்லப் பல ஊர்களில் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிறது.

ஜெர்மனி இப்போது இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. ஆனால் இந்தியா ஏற்பதில்லை. 1955-ஆம் வருடக் குடியுரிமைச் சட்டப்படி வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்ற அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதில் வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. இதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள், அவசரப்படாதீர்கள். இலங்கையர் விஷயம் வேறு. அங்கே இரட்டைக் குடியுரிமைக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் அது தானாக வராது, விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சமூக ஊடகங்களில் 'தேர்வு எழுதாமலே பி1 சான்றிதழ்' என்று விற்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். ஏமாற்றிப் பெற்ற குடியுரிமையைப் பத்து வருடம் வரை திரும்பப் பறிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கையில் இந்தியக் குடியுரிமையும் இல்லாமல், ஜெர்மன் குடியுரிமையும் இல்லாமல் நிற்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

இப்போது உங்கள் கட்டடத்து அம்மாவுக்கு வருகிறேன். உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதிலும் அவரிடம்தான் இருக்கிறது.

1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்களில் பலர் கிழக்கு பெர்லினை ஒட்டிய ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் வந்தவர்கள். அந்த அம்மா வந்தது சுவர் விழுந்த பிறகு, ஆனால் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. புகலிடம் கேட்டவர்களுக்கு அப்போது மொழி வகுப்பு உரிமை கிடையாது. வழக்கு முடிய வருடக்கணக்கில் ஆகும், முடிகிறவரை நீங்கள் இங்கே தங்கப்போகிறவர் அல்ல என்றுதான் அரசு நினைத்தது. தங்கப்போகாதவருக்கு எதற்கு மொழி? அனுமதி கிடைத்ததும் அவர்கள் போனது உணவகச் சமையலறைக்கும், ஹோட்டல் அறை சுத்தம் செய்யும் வேலைக்கும், தொழிற்சாலை இரவுப் பணிக்கும். பாத்திரம் கழுவும் இடத்தில் யாரிடம் ஜெர்மன் பேசுவது? ஊரில் பெற்றோர், சகோதரிகளின் திருமணம், இங்கே பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது. ஒருங்கிணைப்பு வகுப்பு 2005-ல் வந்தபோது அவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயது. பலர் இரண்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

2024 சட்டத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 1974 ஜூன் 30-க்குள் மேற்கு ஜெர்மனிக்கு வேலைக்கு அழைத்துவரப்பட்ட துருக்கி, இத்தாலி போன்ற நாட்டுத் தொழிலாளர்களுக்கும், 1990 ஜூன் 13-க்குள் கிழக்கு ஜெர்மனிக்கு ஒப்பந்தத்தில் வந்த வியட்நாம் போன்ற நாட்டவருக்கும் குடியுரிமைத் தேர்வும் வேண்டாம், பி1 சான்றும் வேண்டாம், அன்றாட வாழ்க்கையில் வாய்மொழியாகச் சமாளிக்க முடிந்தால் போதும் என்று எழுதினார்கள். இந்த நாட்டைக் கட்ட உழைத்தவர்களுக்கு நாம் மொழி கற்றுத்தரவில்லை, அதற்கான பொறுப்பு நம்முடையது என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் அதே சமையலறையில், அதே மொழி வகுப்பு இல்லாத நிலையில் உழைத்த ஈழத்து அகதி அந்தப் பட்டியலில் இல்லை. அவர் அழைத்துவரப்பட்டவர் அல்ல, தப்பி வந்தவர் என்பதால் மட்டும். இந்த வித்தியாசத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கனடாவில் இருக்கும் உறவினர்களோடு பேசும்போது இது இன்னும் உறைக்கும். அங்கே 55 வயது தாண்டியவர்களுக்குத் தேர்வும் இல்லை, மொழிச் சான்றும் இல்லை. ஒரே வருடம் ஊரைவிட்டுக் கிளம்பிய இரண்டு சகோதரிகள். டொரண்டோவில் இருப்பவர் எப்போதோ குடிமகள், தேர்தலில் வாக்களிக்கிறார். ஸ்டுட்கார்ட்டில் இருப்பவர் விசா அட்டையைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கிறார். பிரிட்டனில்கூட 65 வயதானவர்களுக்குத் தேர்வு கிடையாது. ஜெர்மனியில் அப்படி ஒரு வயது வரம்பு சட்டத்தில் இல்லை.

எனவே நியாயமா என்று கேட்டால் என் பதில் இது. ஒரு நாட்டில் வாக்களிக்கப் போகிறவர் அந்த நாட்டு மொழியில் பேசவும், செய்தி புரிந்துகொள்ளவும் முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. மொழி தெரியாத பெண் மருத்துவரிடம் தன் உடம்பைப் பற்றிப் பேசவே மகனைக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. அந்த நிலை யாருக்கும் நல்லதல்ல. ஆனால் கற்க வகுப்பும் நேரமும் கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு வகுப்பு இருக்கிறது, உங்களிடம் கேட்பது நியாயம். அந்த அம்மாவுக்கு முதல் பதினான்கு வருடம் எதையும் கொடுக்காமல் உங்களிடம் கேட்பதையே அவரிடமும் கேட்பது நியாயம் இல்லை.

அதற்காக அவருக்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். இரண்டு கதவுகள் இருக்கின்றன. நோய், உடல் குறைபாடு, அல்லது முதுமையால் வந்த இயலாமை காரணமாக மொழியும் தேர்வும் முடியாது என்றால் இரண்டையும் விட்டுவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு மருத்துவர் விரிவாக எழுதித்தர வேண்டும், 'வயதானவர்' என்று ஒரு வரி போதாது. என்ன நோய், அது எப்படிக் கற்பதைத் தடுக்கிறது என்று இருக்க வேண்டும். இரண்டாவது, 2024-ல் வந்த கடின நிலை விதி. உண்மையாகவும் தொடர்ந்தும் முயன்றும் பி1 எட்ட முடியவில்லை, அல்லது நிரந்தரமாக மிகக் கடினம் என்று நிரூபித்தால், அன்றாட வாழ்க்கையில் பெரிய சிரமமில்லாமல் பேச முடிகிறது என்பதோடு மொழி நிபந்தனையை நிறுத்திக்கொள்ளலாம். இது அலுவலகம் தர வேண்டிய கட்டாயம் அல்ல, தரலாம் என்கிற விதி. அதனால் எல்லாமே காகிதத்தில்தான் இருக்கிறது. எந்த வகுப்புக்குப் போனார், எத்தனை மணி நேரம், எந்தத் தேர்வை எத்தனை முறை எழுதினார், என்ன மதிப்பெண், எங்கே எந்த நேரத்தில் வேலை செய்தார். தேர்வில் தோற்ற தாளைக்கூட அவர் தூக்கிப்போட்டிருக்கக் கூடாது, முயன்றார் என்பதற்கு அதுதான் சாட்சி. ஓய்வூதியம் போதாமல் முதுமை உதவித்தொகை வாங்குகிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், வாங்கினால் வழக்கு சிக்கலாகும், அப்போது வக்கீலிடம் கேட்காமல் விண்ணப்பிக்க வேண்டாம்.

பல ஊர்களில் வயதுவந்தோருக்கான குடிபெயர்வு ஆலோசனை மையம் இருக்கும். தேவாலயத் தொண்டு அமைப்புகளான காரித்தாஸ், டியாகொனி, மற்றும் செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை நடத்துகின்றன, கட்டணம் இல்லை. நேரம் குறித்துவிட்டு அந்த அம்மாவை நீங்களே கூட்டிப்போங்கள். மொழிபெயர்ப்புக்கு யாரையும் தேட வேண்டாம், உங்கள் ஏ2 அதற்குப் போதும். தடுமாறுகிற இடத்தில் தடுமாறிப் பேசுங்கள், உங்கள் பி1 பேச்சுத் தேர்வுக்கும் அது பயிற்சி. போகும்போது 1991-லிருந்து உள்ள காகிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். பழைய அகதி அனுமதி, சம்பளச் சீட்டுகள், ஓய்வூதியக் காப்பீட்டின் கணக்குத் தாள் எல்லாம் வேண்டும். நம் அம்மாக்கள் அவற்றைப் பெரும்பாலும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுச் சாமியறையில் வைத்திருப்பார்கள். டின்னோடு எடுத்துக்கொண்டு போங்கள்.